வீட்டில் கட்டிய விமானமும் ட்ரான்சிஷன் பயிற்சியும்: கொழும்பிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரத்மலானையில் செஸ்னாவில் பழகி லைசென்ஸ் எடுத்த பெடியளும் கேட்கிறார்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு, இரவு பதினொரு மணிக்கு "மச்சான், ஒரு ஆர்வி விலைக்கு வந்திருக்கு, வாங்கட்டா?" என்று வாட்ஸப்பில் குரல் அனுப்புகிற சொந்தங்களும் கேட்கிறார்கள். கேள்விகள் என்னவோ ஒன்றுதான். தனித்தனியாகப் பதில் எழுதிக் களைத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே ஒன்றாகப் போடுகிறேன்.

நான் இன்ஸ்ட்ரக்டர் அல்ல. இரத்மலானையில் செஸ்னா 152 என்ற சிறு பயிற்சி விமானத்தில் பழகியவன். பிறகு அமெரிக்காவில் இருக்கும் என் பெரியம்மாவின் மகன் ஆர்வி-6ஏ என்ற, வீட்டில் கட்டிய விமானம் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கியபோது, அந்த அண்ணையோடு சேர்ந்து நானும் அதில் ட்ரான்சிஷன் பயிற்சி, அதாவது பழகிய விமானத்திலிருந்து வேறு வகைக்கு மாறும் பயிற்சி, எடுத்தேன். கீழே வரும் விதிகள், வேறு சொல்லாத இடத்தில், அமெரிக்க விதிகள். வீட்டில் கட்டிய விமானங்கள் மிக அதிகமாகப் பறப்பது அங்கேதான்.

வீட்டில் கட்டிய விமானம் என்றால் உண்மையில் வீட்டிலா கட்டுகிறார்கள்?

ஆம். கார் கராஜில், கொட்டிலில், சிலர் வரவேற்பறையில்கூட. பெரும்பாலானவர்கள் கிட் வாங்கிக் கட்டுகிறார்கள்: அலுமினியத் தகடு, ஆயிரக்கணக்கான ரிவெற் ஆணி, ஒரு கட்டு வரைபடம். மொத்த வேலையில் பாதிக்கு மேல் தொழில்முறை அல்லாதவர்கள், தங்கள் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ செய்திருக்க வேண்டும். 51 வீத விதி என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். தேறினால் 'எக்ஸ்பெரிமென்டல்' (பரீட்சார்த்தம்) என்ற வகையில் சான்றிதழ் கிடைக்கும்.

ஆர்வி என்பது 1973இல் ரிச்சர்ட் வான்குருன்ஸ்வன் ஓரிகனில் தொடங்கிய வான்ஸ் எயார்க்ராஃப்ட் நிறுவனத்தின் கிட் வரிசை. இதுவரை பதினோராயிரத்துக்கு மேல் கட்டி முடித்துப் பறக்கவிடப்பட்டிருக்கின்றன. நம் பக்கத்து ஆள் ஒருவரும் உண்டு. கேரளத்தின் ஆலப்புழையைச் சேர்ந்த ஒரு பொறியியலாளர் கொரோனா முடக்க காலத்தில் இங்கிலாந்தில் தென்னாபிரிக்காவின் ஸ்லிங் கிட்டை வாங்கிக் கட்டி, தன் குடும்பத்தையே அதில் ஏற்றிப் பறந்தார்.

என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது, 150 மணி நேரமும் இருக்கிறது. இன்னும் என்ன பயிற்சி?

எனக்கும் இதே எண்ணம்தான் இருந்தது.

செஸ்னா 152இன் முழு நிறை 757 கிலோ, இறக்கைப் பரப்பு கிட்டத்தட்ட 14.9 சதுர மீற்றர். ஒவ்வொரு சதுர மீற்றரும் ஏறக்குறைய 51 கிலோ சுமக்கிறது. ஆர்வி-7ஐ எடுங்கள்: 816 கிலோ, 11.2 சதுர மீற்றர். அது 73 கிலோ சுமக்கிறது. 152க்கு 110 குதிரைவலு. ஆர்வி-7க்கு 160இலிருந்து 200 வரை போடுகிறார்கள். 152 மணிக்கு 200 கிலோமீற்றர் தொட மூச்சு வாங்கும் நேரத்தில் இது 300ஐத் தாண்டிவிடும். எஞ்சினைக் குறைத்தால் 152 மாதிரி மிதந்துகொண்டு வராது, இறங்கும்.

இலக்கத்தைக்கூட மனப்பாடம் செய்துவிடலாம். கையும் காலும் பழகியதைத்தான் மாற்ற முடியாது. 152இல் எரிபொருளுக்கு ஒரேயொரு வால்வு: திற, மூடு. இரண்டு தாங்கியிலிருந்தும் சேர்ந்தே வரும். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் பெற்றோல் தானாகவே வடிகிறது, பம்ப் கிடையாது. ஆர்வியில் இறக்கை கீழே. ஆகவே பம்ப் வேண்டும். தெரிவுக் குமிழில் இடது, வலது, மூடு என்று மூன்றுதான் உண்டு. 'இரண்டும்' என்ற தெரிவே இல்லை. பறந்துகொண்டிருக்கும்போது நேரம் பார்த்து நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

எங்கள் பயிற்சியின் மூன்றாம் நாள். நான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வானிலை பொன் மாதிரி. எல்லாம் கைக்கு வந்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். பக்கத்தில் இருந்த கிழவர் (எழுபது தாண்டிய இன்ஸ்ட்ரக்டர்) வெளியே ஏதோ வயலைப் பார்த்தபடி, "எந்தத் தாங்கியில் ஓடுது?" என்று கேட்டார். புறப்பட்டு ஐம்பது நிமிடம். ஒரு தடவைகூட மாற்றவில்லை. 152இல் பழகிய ஆளுக்கு அந்தக் குமிழ் கண்ணிலேயே படவில்லை. அவர் ஏசவில்லை. சட்டைப் பையிலிருந்து சமையலறை டைமர் ஒன்றை எடுத்துப் பலகையில் ஒட்டி, முப்பது நிமிடத்துக்குத் திருகிவிட்டார். அது அடிக்கும் சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

அப்படியானால் ஆர்வி ஓட்டிய எவரிடமும் பழகலாமே?

ஆர்வி ஓட்டத் தெரிந்தவர் வேறு, உங்கள் ஆர்வியைப் பழக்கத் தெரிந்தவர் வேறு.

தொழிற்சாலையில் வந்த இரண்டு 152கள் இரட்டைப் பிள்ளைகள். கராஜில் பிறந்த இரண்டு ஆர்விகள் ஒன்றுவிட்ட சகோதரங்கள். ஒருவர் வேகமானியை நொட்டில் (மணிக்குக் கடல் மைல்) போட்டிருப்பார், மற்றவர் மைலில். ஒருவர் ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடியும் தகடு) சுவிட்சை, எஞ்சின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் த்ரொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார், மற்றவர் ஸ்டிக்கின் (கட்டுப்பாட்டுக் கோலின்) தலையில். வேகமானிக்குக் காற்று எடுக்கும் துளையை ஒரு விரல் தள்ளி வைத்திருந்தாலே காட்டும் வேகம் மாறிவிடும். ஸ்டோல் (வேகம் குறைந்து இறக்கை தூக்கும் சக்தியை இழப்பது) வரும்போது கூவும் ஹோர்ன் சிலவற்றில் இருக்கும், பலவற்றில் இருக்காது. ஆர்விகள் ஸ்டோலுக்கு முன்னால் பெரிதாக நடுங்கிக் காட்டுவதும் இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் விழும்.

அதனால் நான் எல்லோருக்கும் சொல்வது: முதலில் வாத்தியாரைத் தேடுங்கள், பிறகு விமானத்தை. தலைகீழாகச் செய்தவர்களைத்தான் அதிகம் காண்கிறேன். காசைக் கட்டி, சாவியை வாங்கி, பிறகு "யாராவது காட்டித் தருவினமா?" என்று தேடுவது. அந்த நேரத்தில் கிடைப்பவர் நல்ல வாத்தியாராக இருக்கமாட்டார், சும்மா இருந்தவராகத்தான் இருப்பார்.

பயிற்சியில் என்ன நடக்கும்? எத்தனை மணி நேரம்?

ஐந்து மணி நேரம், பத்து மணி நேரம் என்று ஆளுக்கும் விமானத்துக்கும் தக்கபடி மாறும். பெரும்பாலும் காப்புறுதிக்காரர்தான் குறைந்தபட்சத்தைத் தீர்மானிப்பார். அது குறைந்தபட்சம் மட்டுமே.

அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ இதற்கென்றே 2011இல் ஒரு ஆலோசனைச் சுற்றறிக்கை வெளியிட்டு, 2015இல் 90-109ஏ என்று புதுப்பித்தது. அதில் எனக்குப் பிடித்த விஷயம், விமானங்களைப் பெயரால் அல்ல, குணத்தால் பிரித்திருப்பது. லேசான கட்டுப்பாடும் சட்டென்ற திருப்பமும் உள்ளவை, நிறை குறைந்து இழுவை கூடியவை, வழமைக்கு மாறான அமைப்புள்ளவை என்று. உங்கள் வகை ஊரில் கிடைக்காவிட்டால் அதே குணமுள்ள இன்னொன்றில் பழகலாம்.

எங்கள் முதல் நாள் தரையிலேயே போயிற்று. எஞ்சின் போடவே இல்லை. கிழவர் எங்களை ஆளுக்கு ஒரு மணி நேரம் கொக்பிட்டில் இருத்தி, கழுத்துத் துண்டால் கண்ணைக் கட்டிவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். "பம்ப்." கை போகிறது. "ட்ரிம்." கை போகிறது. "ஃபிளாப்." என் கை போனது லாண்டிங் லைட்டுக்கு. அண்ணை பின்னால் நின்று சிரித்தார். தன் முறை வந்தபோது அவரும் அதே இடத்தில்தான் விழுந்தார், சொந்த விமானத்தில்.

அடுத்து ஓடுபாதைக்குப் போகும் பாதை. 152இன் முன்சக்கரம் கால் பெடலோடு திரும்பும். ஆர்வியின் 'ஏ' வகைகளில் முன்சக்கரம் சுப்பர்மார்க்கெட் வண்டிச் சக்கரம் மாதிரித் தன்பாட்டில் சுழலும், பிரேக்கை இடமும் வலமும் மாற்றி மிதித்துத்தான் திருப்ப வேண்டும். அந்த முன்கால் கொஞ்சம் மெலிந்தது என்பதால் தரையில் ஓடும்போது ஸ்டிக்கை எப்போதும் பின்னால் இழுத்துப் பிடிக்கச் சொன்னார். பிறகுதான் மேலே: மெதுவான பறப்பு, எல்லா வகை ஸ்டோலும், எஞ்சின் இல்லாமல் இறங்குவது, மீண்டும் மீண்டும் தரையிறக்கம். நான் முதல் தரையிறக்கத்தில் 152இல் இழுப்பதுபோல் ஸ்டிக்கை இழுத்தேன். மூக்கு வானத்தைப் பார்த்தது. இந்த ஸ்டிக்கை இழுக்கக்கூடாது, நினைத்தாலே போதும்.

இரண்டாம் கையாக வாங்கினால் பிரச்சினை குறைவுதானே? வேறொருவர் பறந்து பார்த்து முடித்ததுதானே?

நாலு வரியில் முடிக்கக்கூடிய கேள்வி அல்ல இது.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை (என்டிஎஸ்பி) வீட்டில் கட்டிய விமானங்களைப் பற்றி 2012இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. 2011இல் நடந்த 224 விபத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை, இப்போதைய சொந்தக்காரர் கட்டாமல் வாங்கிய விமானங்கள். புதிதாகக் கட்டிய விமானம் முதல் தடவை கிளம்பியபோதே விபத்தானது 10. பழைய விமானத்தை வாங்கிய புதுச் சொந்தக்காரரின் முதல் பறப்பிலேயே விபத்தானது 14. கட்டினவனுக்கு ஒவ்வொரு ரிவெற்றும் தெரியும். எந்தக் குழாய் எங்கே வளைகிறது, எதை அவசரத்தில் செய்தான் என்று தெரியும். வாங்கினவனுக்குப் பூச்சின் நிறம் தெரியும்.

பாடகர் ஜோன் டென்வரின் கதை உலகம் அறிந்தது, ஆனாலும் அதன் உட்பகுதி பலருக்குத் தெரியாது. 1997 ஒக்டோபர் 12, கலிபோர்னியாவின் மொன்டரே விரிகுடா. அவர் அப்போதுதான் வாங்கியிருந்த லோங்-ஈஸி, பர்ட் ரூட்டன் வடிவமைத்த, வீட்டில் கட்டும் வகை. 2,700 மணி நேரத்துக்கு மேல் பறந்த பைலட் அவர், கற்றுக்குட்டி அல்ல. அந்த விமானத்தைக் கட்டியவர், வரைபடத்தில் பைலட்டின் முன்னால் இருந்த எரிபொருள் தெரிவுக் கைப்பிடியை, இடது தோளுக்குப் பின்னால் உள்ள சுவரில் வைத்திருந்தார். குறியீடு எதுவும் இல்லை. அதைப் பிடிக்க வேண்டுமென்றால் ஸ்டிக்கை விட்டுவிட்டு உடம்பைத் திருப்ப வேண்டும். கை எட்டாது என்பதற்காகத் தரையில் ஒரு தொழில்நுட்பவியலாளரோடு சேர்ந்து குறடு ஒன்றை மாட்டிப் பார்த்தார்கள். சரிவரவில்லை. பின்னால் இருந்த எரிபொருள் அளவியைப் பார்க்க அந்த மனிதர் கண்ணாடி ஒன்று கொடுத்தார். பெற்றோல் நிரப்பவா என்றதற்கு, ஒரு மணி நேரம்தான் பறக்கப்போகிறேன், வேண்டாம் என்றார் டென்வர்.

ஒரு தாங்கி வற்றி எஞ்சின் நின்றபோது, கைப்பிடியை எட்டத் திரும்பியவரின் கால் வலது ரடரை (வால் சுக்கானின் பெடலை) மிதித்திருக்க வேண்டும் என்பது விசாரணையின் முடிவு. விமானம் கடலில் விழுந்தது. அந்த வகையில் போதிய பயிற்சி இல்லாததும், கைப்பிடியை அங்கே வைக்கக் கட்டியவர் எடுத்த முடிவும் காரணப் பட்டியலில் சேர்ந்தே இருக்கின்றன. அந்தக் குறடும் கண்ணாடியும் கண்ணில் பட்டிருந்தால் ஒரு நல்ல இன்ஸ்ட்ரக்டர், அன்றைக்குப் பறப்பே வேண்டாம் என்றிருப்பார் என்பது என் எண்ணம்.

புஷ்பக விமானத்தை இராவணன் கட்டவில்லை, அண்ணன் குபேரனிடம் பறித்தான் என்பதை எங்கள் ஊரில் வசதியாக மறந்துவிடுகிறோம். அதுவும் செகண்ட் ஹேண்ட்தான். அதில் அவனைப் பழக்கிக் கையெழுத்துப் போட்டது யார் என்று வால்மீகியும் சொல்லவில்லை, கம்பனும் சொல்லவில்லை.

நானே கட்டுகிறேன் என்றால், முதல் பறப்பில் இன்ஸ்ட்ரக்டரைப் பக்கத்தில் இருத்தலாமா?

பொதுவாக முடியாது. கட்டி முடித்த விமானம் முதலில் சோதனைக் கட்டத்தைக் கடக்க வேண்டும். சான்றிதழ் பெற்ற எஞ்சின்-ப்ரொப்பெல்லர் சோடி என்றால் வழமையாக 25 மணி நேரம், இல்லையென்றால் 40. அந்தக் காலத்தில் தேவையான ஆளுக்கு மேல் யாரும் ஏறக்கூடாது. 2014இலிருந்து, தகுதியுள்ள இன்னொரு பைலட்டைக் கூட ஏற்றிக்கொள்ள ஒரு வழி உண்டு. அவர் சோதனைக்கு உதவ வருகிறவர், பழக்க வருகிறவர் அல்ல.

அதனால்தான் வேறொருவரின் அதே வகை விமானத்தில் முன்கூட்டியே பழகிவிட்டு வர வேண்டியிருக்கிறது. கடைசி ரிவெற்றுக்குப் பின் பழகத் தொடங்காதீர்கள். பந்தல் போட்ட பிறகு மாப்பிள்ளை பார்ப்பது மாதிரி ஆகிவிடும். இன்னொரு விஷயமும் யாரும் சொல்வதில்லை. கட்டுகிற ஐந்தாறு வருடமும் காசும் நேரமும் கராஜுக்கே போகும், பறப்பு நின்றுவிடும். கட்டி முடிக்கும்போது விமானம் புதியது, பைலட் துருப்பிடித்தவர்.

'லோடா' என்று ஏதோ சொல்கிறார்களே, அது என்ன?

எக்ஸ்பெரிமென்டல் விமானத்தில் காசுக்கு ஆளேற்ற முடியாது என்பது அடிப்படை விதி. ஆனால் பயிற்சிக்கு விமானம் வேண்டுமே. அதற்காக எஃப்ஏஏ கொடுக்கும் விலக்குக் கடிதம்தான் லோடா. தன் ஆர்வியை வாடகைக்கு வைத்துப் பிறரைப் பழக்கும் இன்ஸ்ட்ரக்டர் அதை வைத்திருக்க வேண்டும்.

இடையில் ஒரு கூத்து நடந்தது. பழைய போர் விமானத்தில் காசுக்குப் பயிற்சி கொடுத்த ஒரு நிறுவனத்தின் வழக்கில் 2021 ஏப்ரலில் நீதிமன்றம் எஃப்ஏஏ பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு அந்த ஜூலையில் எஃப்ஏஏ, தன் சொந்த விமானத்தில் தானே பழகுகிறவருக்கும் இந்தக் கடிதம் வேண்டும் என்று அறிவித்தது. சொந்த வீட்டில் சமைக்க ஹோட்டல் லைசென்ஸ் கேட்ட மாதிரி. ஆயிரக்கணக்கானோர் விண்ணப்பம் அனுப்பிக் கடிதம் வாங்கினார்கள். 2022 டிசம்பரில் பாதுகாப்புச் செலவுச் சட்டத்துக்குள் ஒரு பிரிவைச் செருகி கொங்கிரஸ் அதை நீக்கியது. இப்போது உங்கள் விமானத்தில் நீங்கள் இன்ஸ்ட்ரக்டருக்குக் கூலி கொடுத்துப் பழகக் கடிதம் தேவையில்லை. அவருடைய விமானத்துக்கும் காசு கொடுக்கிறீர்கள் என்றால், கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். நேர்மையானவர் கேட்கும் முன்பே காட்டுவார்.

நல்ல இன்ஸ்ட்ரக்டரை எப்படிக் கண்டுபிடிப்பது?

தேடும் இடங்கள் தெரிந்தவைதான். அமெரிக்காவில் 1953இல் போல் பொபெரெஸ்னி தொடங்கிய, வீட்டில் விமானம் கட்டுவோரின் சங்கமான ஈஏஏயின் உள்ளூர்க் கிளைகள், அந்தந்த வகை விமானச் சொந்தக்காரர் சங்கங்கள். இங்கிலாந்தில் அதே மாதிரிச் சங்கமான எல்ஏஏயின் பயிற்றுத் திட்டம். அவுஸ்திரேலியாவில் எஸ்ஏஏஏ. பெயர் கிடைத்த பிறகுதான் வேலை.

நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அவர் உங்களிடம் எத்தனை கேள்வி கேட்கிறார். அண்ணை முதலில் பிடித்த ஆள் ஒரே கேள்விதான் கேட்டார், "எப்ப வாறீங்கள், காசா கார்டா?" மூன்று மணி நேரம் ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றியே ஓட்டினார். ஒரு ஸ்டோல்கூடச் செய்யவில்லை. கட்டியவர் எழுதிவைத்த கையேட்டைத் திறக்கவும் இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். காப்புறுதிக்கு அது போதுமாக இருந்தது, அண்ணைக்குப் போதவில்லை. கிழவரோ தொலைபேசியில் நாற்பது நிமிடம் கேள்வி கேட்டார். கடைசியாக எப்போது பறந்தாய், நிறை எவ்வளவு, அண்ணன் தம்பி இருவரும் ஏறினால் எத்தனை லீற்றர் போடலாம், கட்டியவர் உயிரோடு இருக்கிறாரா, அவருடைய நம்பர் இருக்கிறதா.

அந்தக் கடைசிக் கேள்வியிலேயே, இவர்தான் ஆள் என்று அண்ணை முடிவெடுத்துவிட்டார்.

முன்கூட்டியே அவருக்கு என்ன அனுப்ப வேண்டும்?

நிறை மற்றும் சமநிலைத் தாள், செயற்பாட்டு வரம்புகள் எழுதிய கடிதம், சோதனைக் கட்டத்தில் எழுதிய பதிவுகள், அதில் அந்த விமானமே காட்டிய ஸ்டோல் வேகங்கள். பிறகு கொக்பிட்டின் படம். மேலிருந்து ஒன்று, எரிபொருள் குமிழுக்குக் கிட்டவாக ஒன்று. உங்கள் லொக்புக்கின் கடைசி மூன்று பக்கம், அதிலும் இடைவெளி இருந்தால் மறைக்காமல்.

இதையெல்லாம் கொழும்பில் செய்ய முடியாதா?

ட்ரான்சிஷன் பயிற்சிக்கு அந்த வகை விமானம் வேண்டும், அதில் கை பழகிய இன்ஸ்ட்ரக்டர் வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைப்பது வெளியேதான். நம் பள்ளிகள் செஸ்னாவில் நன்றாகவே பழக்குகின்றன, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் செஸ்னா செஸ்னாவுக்குத்தான்.

கிட்டைக் கொள்கலனில் இறக்கிப் பாணந்துறையில் ஒரு கொட்டிலில் கட்டலாம் என்று கனவு காண்கிறவர்கள் இருக்கிறார்கள். நானும் கண்டிருக்கிறேன். ஒரு ரிவெற் வாங்கும் முன் சிவில் விமான சேவைகள் அதிகாரசபைக்கு எழுதுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு, "அவர் சொன்னவர்" எல்லாம் சுங்கத்தில் செல்லாது. வெளிநாட்டில் வாங்கி இங்கே பறந்து வரலாமா என்றும் கேட்கிறார்கள். சிகாகோ உடன்படிக்கையின்படி ஒரு நாடு கொடுத்த தகுதிச் சான்றிதழை மற்ற நாடுகள் ஏற்பது, அது சர்வதேசக் குறைந்தபட்சத் தரத்தை எட்டியிருந்தால்தான். வீட்டில் கட்டியதற்கு அந்தத் தானான உரிமை கிடையாது. வழியில் உள்ள ஒவ்வொரு நாட்டிடமும் தனி அனுமதி கேட்க வேண்டும்.

இங்கே இருந்தபடியே செய்யக்கூடியது நிறைய. 152இல் எஞ்சினைக் குறைத்து ஃபிளாப் இல்லாமல் குறித்த இடத்தில் இறங்கிப் பழகுங்கள். ரடர் காலைத் தூங்கவிடாதீர்கள். மெதுவான பறப்பை அலுக்கும்வரை செய்யுங்கள். இரத்மலானையின் 1,833 மீற்றர் ஓடுபாதை நம்மைக் கெடுத்து வைத்திருக்கிறது. எங்கே தொட்டாலும் நின்றுவிடும். முதல் மூன்றில் ஒரு பங்குதான் உண்டு என்று வைத்துக்கொண்டு இறங்கிப் பாருங்கள்.

நம்மிடம் ஒரு நன்மையும் உண்டு. கடல் மட்டத்தில் 31, 32 பாகை வெப்பம் என்றால் விமானத்துக்கு அது கிட்டத்தட்ட 2,000 அடி உயரத்தில் இருப்பது மாதிரி. ஈரப்பதமான நம் காற்றில், எஞ்சினைக் குறைத்து இறங்கும்போது, முப்பது பாகையிலும் கார்புரேற்றருக்குள் ஐஸ் பிடிக்கும். குளிர்நாட்டுப் பைலட்டுகள் இதை நம்பவே மாட்டார்கள். நமக்குக் கை தானாகவே கார்புரேற்றரைச் சூடாக்கும் கார்ப் ஹீற்றுக்குப் போகும். அந்தப் பழக்கத்தை அங்கேயும் கொண்டுபோங்கள்.

இலங்கை லைசென்ஸோடு அமெரிக்காவில் பழகலாமா?

அதை அடிப்படையாக வைத்து எஃப்ஏஏயிடம் தனிநபர் பைலட் சான்றிதழ் எடுக்கலாம். நம் அதிகாரசபை லைசென்ஸை உறுதிப்படுத்தி அனுப்ப வேண்டும், அதற்கு நாள் எடுக்கும். பிறகு அங்கே ஒரு பறப்பு மீளாய்வும் செய்ய வேண்டும். கனடாவுக்கு வேறு நடைமுறை. விமான டிக்கெட்டைக் கடைசியாக வாங்குங்கள்.

வால்சக்கர விமானம் என்றால்?

ஆர்வி-6, 7, 8 எல்லாம் 'ஏ' இல்லாமல் வந்தால் வால்சக்கரம். அமெரிக்காவில் அதற்குத் தனியாக இன்ஸ்ட்ரக்டரின் கையெழுத்து வேண்டும். 1991 ஏப்ரல் 15க்கு முன் அப்படிப்பட்டதை ஓட்டியவர்களுக்கு மட்டும் விலக்கு. வால்சக்கரத்தையும் ஆர்வியையும் ஒரே வாரத்தில், ஒரே புது விமானத்தில் பழகாதீர்கள். முதலில் சைட்டேப்ரியா மாதிரி ஒரு மெதுவான வால்சக்கரத்தில் கால் பழகட்டும். சைக்கிள் தெரியாதவன் சமநிலையையும் எஞ்சினையும் மோட்டார்சைக்கிளில் சேர்த்துப் பழகப் போனால் என்ன ஆகுமோ அதுதான்.

எவ்வளவு செலவாகும்?

ரூபாயில் எழுதினால் ஆறு மாதத்தில் பொய்யாகிவிடும். 2022 மார்ச்சில் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதம் 360 ஆனதை மறக்க முடியுமா? இன்ஸ்ட்ரக்டர் கூலி, விமான வாடகை, எரிபொருள், தங்குமிடம் என்று தனித்தனியாகக் கேளுங்கள். மழைக்காக மூன்று நாள் சும்மா இருக்கவும் காசு வையுங்கள். அந்த மூன்று நாளுக்குக் காசில்லாதவர்தான் பறக்கக்கூடாத நாளில் பறக்கிறார்.

தமிழ் பேசும் இன்ஸ்ட்ரக்டர் கிடைப்பாரா?

கிடைத்தால் சந்தோஷம், தேடி அலைய வேண்டாம். நானும் அண்ணையும் ஒரு பாடம் படித்தோம். கிழவர் இறங்கிவிட்டு எங்கள் இருவரையும் ஓட்டவிட்ட நாள், தரையிறங்கும்போது அண்ணை "விடு விடு" என்றார். ஸ்டிக்கை விடு என்றாரா, அப்படியே இறங்கவிடு என்றாரா? அரை நொடி இரண்டு கையும் ஸ்டிக்கில் இருந்தது. அன்றிலிருந்து கதை, பகிடி, ஊர்ப்புதினம் எல்லாம் தமிழில். கட்டுப்பாடு மாறும்போது மட்டும் "ஐ ஹேவ் கன்ட்ரோல்", "யூ ஹேவ் கன்ட்ரோல்", மறுபடியும் "ஐ ஹேவ் கன்ட்ரோல்". மூன்று தரம் சொல்லாமல் யாரும் கை வைப்பதில்லை.

வீட்டில் அம்மாவுக்கு என்ன சொல்வது?

உண்மையை. ஏறும் வாசலில் 'எக்ஸ்பெரிமென்டல்' என்று இரண்டு அங்குலத்துக்குக் குறையாத எழுத்தில் எழுதியிருக்க வேண்டும் என்பது விதி. படம் அனுப்பினால் அவர் அதைத்தான் முதலில் வாசிப்பார். என் பெரியம்மா வாசித்துவிட்டு, "உதென்ன, பரீட்சை பண்ணிப் பாக்கிறதுக்கு உனக்கு உன்ர உயிர்தான் கிடைச்சதே?" என்று கேட்டார். அண்ணை கிழவரின் பெயரையும் நம்பரையும் கொடுத்தார். பெரியம்மா உண்மையிலேயே அழைத்து, தன் ஆங்கிலத்தில் பத்து நிமிடம் விசாரித்தார். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

என்ன சப்பாத்து போடுவது?

அடி மெலிந்தது. ஆர்வியின் பெடலில் கீழே ரடர், மேலே பிரேக். தடித்த ரப்பர் அடியோடு போனால் ரடர் மிதிக்கும்போதே பிரேக்கும் பிடித்துவிடும். பாட்டா செருப்போடு வந்த என்னைக் கிழவர் திருப்பி அனுப்பினார். பக்கத்து ஊரில் கன்வஸ் சப்பாத்து ஒன்று வாங்கி வர முக்கால் மணி நேரம் போயிற்று. அந்த முக்கால் மணி நேரத்துக்கும் கூலி வாங்கினார்.